ரைட் கிளிக் மெனு: வேண்டாதது எல்லாம் இருக்கிறது, வேண்டியது மட்டும் இல்லை

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · திங்கள், இரவு 10.20

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ என்று சின்னதாக ஒரு கடை. இரண்டு கம்ப்யூட்டர், மூன்று பிரிண்டர். கடையில் நானும் அப்பாவும் இருப்போம், சாயங்காலம் மட்டும் ஒரு கல்லூரித் தம்பி வருவான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று இரண்டு கம்ப்யூட்டரையும் 11-க்கு மாற்றினோம். அன்று பிடித்தது சனி. ரைட் கிளிக் செய்தாலே எரிச்சல்தான் வருகிறது.

கவுன்டர் கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்தால் மெனு வர நான்கைந்து விநாடி ஆகிறது. வந்ததும் எனக்கு வேண்டியது அதில் இருக்காது. கீழே ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்று ஒன்று, அதை அழுத்தினால் பழைய மெனு, அதற்கு இன்னும் இரண்டு விநாடி. கவுன்டரில் ஆறு பேர் நிற்கும்போது இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விசித்திரம். வாட்ஸ்அப்பில் ஒருவர் இருபது, இருபத்தைந்து பிடிஎஃப் அனுப்புவார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ‘பிரின்ட்’ சில நாள் இருக்கிறது, சில நாள் காணோம். கம்ப்யூட்டருக்கு மனசு சரியில்லை என்கிறார் அப்பா.

கடைசியாக, எனக்கு ஒரு ஆசை. விண்ணப்பத் தளங்கள் போட்டோவை 50 கேபிக்குள் கேட்கின்றன. இப்போது ஒவ்வொரு போட்டோவையும் ஏதோ ஒரு தளத்தில் ஏற்றி, விளம்பரத்தை மூடி, இறக்கி எடுக்கிறோம். போட்டோ மேல் ரைட் கிளிக் செய்து ‘50 கேபி’ என்று அழுத்தினால் வேலை முடிய வேண்டும். நடக்குமா?

காசிமேடு உப்புக்காத்து · திங்கள், இரவு 10.41

முதலில் மவுஸை மாற்றிப் பாருங்கள் அண்ணே. எங்கள் பக்கம் கடல்காற்றில் பட்டன் உள்ளே துரு ஏறி, ஒரு கிளிக்குக்கு இரண்டு கிளிக் விழும். மெனு திறந்து மூடிக்கொள்ளும். நான் ஒரு வாரம் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி 250 ரூபாய் மவுஸ்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · திங்கள், இரவு 10.48

மவுஸ் புதுசு தம்பி. கீபோர்டில் ஷிப்ட்டோடு எஃப்10 அழுத்தினாலும் அதே தாமதம்தான்.

பர்மா பஜார் பழசு · திங்கள், இரவு 11.30

கீபோர்டிலும் தாமதம் என்றால் மவுஸை விட்டுவிடலாம். ஷிப்ட் எஃப்10 நேரே பழைய மெனுவைத்தான் திறக்கும். எனவே கோளாறு அந்தப் பழைய மெனுவுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்றிடம் இருக்கிறது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற மூன்றும் சுலபம். மெனுவில் தெரியும் வரிகள் இரண்டு சாதி. ஒன்று வெறும் பதிவு: விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பெயரும், அதன் கீழ் ‘கமாண்ட்’ என்று ஓட்ட வேண்டிய கட்டளையும் எழுதி வைத்திருப்பார்கள். இதனால் மெனு தாமதிக்காது. இன்னொன்று ஷெல் எக்ஸ்டென்ஷன்: ஒரு டிஎல்எல், அதாவது வேறொரு மென்பொருள் ஏற்றி ஓட்டும் நிரல் துண்டு. நீங்கள் ரைட் கிளிக் செய்ததும், ஃபோல்டர்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் அதைத் தன் மடியிலேயே ஏற்றி, ‘இந்த ஃபைலுக்கு உன் வரி ஏதாவது உண்டா’ என்று கேட்கிறது. அது பதில் சொல்லும் வரை மெனு வராது. ஆன்டிவைரஸ், ஜிப் மென்பொருள், ஆன்லைன் சேமிப்பு, கிராபிக்ஸ் டிரைவர், ஸ்கேனர் மென்பொருள் என்று ஆளுக்கு ஒன்று போட்டிருப்பார்கள். அதில் ஒன்று ‘இதோ என் சர்வரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று கிளம்பினால் உங்கள் நான்கு விநாடி அங்கே போகிறது. அது செத்து விழுந்தால் எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

நிர்சாஃப்ட்டின் ‘ஷெல்எக்ஸ்வியூ’ என்ற சின்ன இலவசக் கருவியை இறக்குங்கள். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் பதிப்பே வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் தெரியும். ‘டைப்’ என்ற பத்தியில் ‘கான்டெக்ஸ்ட் மெனு’ என்று இருப்பவற்றை மட்டும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அல்லாதவை இளஞ்சிவப்பில் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டுடையதைத் தொடாதீர்கள். இளஞ்சிவப்பு எல்லாவற்றையும் முடக்கி, டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்து, ரைட் கிளிக் செய்யுங்கள். வேகம் வந்துவிட்டதா? இப்போது பாதியைத் திரும்ப இயக்குங்கள். தாமதம் திரும்பினால் குற்றவாளி இந்தப் பாதியில். இருபது இருந்தாலும் ஐந்து சுற்றுக்குள் ஆள் சிக்கிவிடுவான். முடக்குவதால் எதுவும் அழியாது, வேண்டும்போது மறுபடி இயக்கலாம்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · செவ்வாய், மதியம் 2.15

அண்ணே, ஆள் சிக்கினான். பழைய ஸ்கேனர் ஒன்று இருந்தது, போன வருடமே எடைக்குப் போட்டாயிற்று. அதோடு வந்த மென்பொருள் மட்டும் போகாமல் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ரைட் கிளிக்குக்கும் அந்த ஸ்கேனரைத் தேடியிருக்கிறது போல. முடக்கினேன், மெனு டக்கென்று வருகிறது.

ஆனால் மெனுவில் ‘சென்ட் டு’ மேல் மவுஸை வைத்தால் மட்டும் இன்னும் மூன்று விநாடி திணறுகிறது.

பர்மா பஜார் பழசு · செவ்வாய், மதியம் 2.40

மேப் செய்த நெட்வொர்க் டிரைவ், அதாவது இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இங்கே டிரைவாகக் காட்டுவது, ஏதாவது இருக்கிறதா? ‘சென்ட் டு’ திறக்கும்போது டிரைவ்களையும் வரிசையில் காட்டும். அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் பதிலுக்குக் காத்திருக்கும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · செவ்வாய், மதியம் 2.44

இருக்கிறது! உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர். அப்பா மதியம் சாப்பிடப் போகும்போது கரண்ட் மிச்சம் என்று அணைத்துவிட்டுப் போவார்.

பர்மா பஜார் பழசு · செவ்வாய், மதியம் 2.50

டிரைவ்களை அந்தப் பட்டியலிலிருந்து மறைக்க ரெஜிஸ்ட்ரியில் ‘நோ டிரைவ்ஸ் இன் சென்ட் டு மெனு’ என்று ஒரு பாலிசி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை, அந்த மேப்பைத் துண்டித்துவிட்டு ஒரு சாதாரண ஷார்ட்கட் வைத்துக்கொண்டால் போதும். ‘சென்ட் டு’வை ஒழித்துவிடாதீர்கள். உங்கள் 50 கேபி ஆசைக்கு அதுதான் வழி, ராத்திரி எழுதுகிறேன்.

எண்ணூர் நைட் ஷிப்ட் · செவ்வாய், மாலை 6.05

‘பிரின்ட்’ காணாமல் போவது மனசு சரியில்லாததால் அல்ல, எண்ணிக்கையால். 15 ஃபைலுக்கு மேல் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் மெனுவிலிருந்து ‘ஓபன்’, ‘பிரின்ட்’, ‘எடிட்’ ஆகியவற்றை எடுத்துவிடும். தெரியாமல் நூறு ஃபைலை ஒரே நேரத்தில் திறந்து கம்ப்யூட்டர் படுத்துவிடக் கூடாது என்ற ஏற்பாடு. பன்னிரண்டு ஃபைல் அனுப்புகிறவர் வந்த நாளில் ‘பிரின்ட்’ இருந்திருக்கும், இருபது அனுப்புகிறவர் வந்த நாளில் இருந்திருக்காது.

வரம்பை உயர்த்தலாம். ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் யூசர் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று உள்ளே போய், ‘மல்டிபிள் இன்வோக் பிராம்ப்ட் மினிமம்’ என்ற பெயரில், இடைவெளி இல்லாமல், ஒரு டிவேர்டு (எண் மதிப்பு) உருவாக்கி, டெசிமலில் வேண்டிய எண்ணைக் கொடுங்கள். லாக்ஆஃப் செய்து திரும்ப வாருங்கள்.

ஒன்று மட்டும். பிடிஎஃப்பைத் திறக்கும் மென்பொருள் ‘பிரின்ட்’ என்ற வரியைப் பதிவு செய்திருந்தால்தான் அது மெனுவில் வரும். பிரவுசரையே பிடிஎஃப்புக்கு இயல்புநிலையாக வைத்திருந்து வரி வராவிட்டால் ரெஜிஸ்ட்ரியைக் குறை சொல்லாதீர்கள்.

காசிமேடு உப்புக்காத்து · செவ்வாய், மாலை 6.30

இந்த ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ தொல்லையே வேண்டாம் என்றால் பழைய மெனுவை நிரந்தரமாகக் கொண்டுவந்துவிடலாம் அண்ணே. ஒரே ஒரு ரெஜிஸ்ட்ரி வரி. நான் விண்டோஸ் 11 போட்ட முதல் நாளே செய்துவிட்டேன்.

எண்ணூர் நைட் ஷிப்ட் · செவ்வாய், மாலை 6.52

செய்யலாம், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். புதிய மெனு என்பது ஒரு காம் பொருள், அதாவது விண்டோஸ் அடையாளத்தை வைத்துத் தேடி ஏற்றும் ஒரு பாகம், அதற்கு ஒரு நீண்ட அடையாளக் கோவை உண்டு. உங்கள் பயனர் கணக்கில் அதே அடையாளத்தை எழுதி, அது எந்த டிஎல்எல்லில் இருக்கிறது என்ற இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விடுகிறோம். எக்ஸ்ப்ளோரர் தேடும், ஒன்றும் கிடைக்காது, சரி என்று பழைய மெனுவைக் காட்டும். வீட்டுக்காரர் பெயரில் தவறான விலாசம் கொடுத்து தபால்காரரைத் திருப்பி அனுப்புவது மாதிரி. மைக்ரோசாஃப்ட் தந்த அமைப்பு அல்ல இது. ஒரு பெரிய அப்டேட்டில் நின்றுபோனால் யாரிடமும் கேட்க முடியாது.

என் கருத்து: புதிய மெனு முட்டாள்தனமாக வந்ததல்ல. இருபது ஆண்டாக யார் வேண்டுமானாலும் மெனுவில் வரி சேர்த்துக்கொண்டார்கள், மேலே பழசு சொன்ன மாதிரி எக்ஸ்ப்ளோரர் மடியிலேயே ஏறி உட்கார்ந்தார்கள். அதனால்தான் 11-ல், முறையான அடையாளத்தோடு வரும் ஆப்களின் வரிகளை மட்டும் முதல் மெனுவில் விடுகிறார்கள். இங்கே தொடங்கிய பிரச்சினையே ஒரு செத்த ஸ்கேனரின் எக்ஸ்டென்ஷன் தானே?

காசிமேடு உப்புக்காத்து · செவ்வாய், இரவு 7.10

நியாயம் எல்லாம் சரி அண்ணே. ஆனால் கடைக்காரர் ஒரு நாளைக்கு முந்நூறு முறை ரைட் கிளிக் செய்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு கூடுதல் கிளிக். அதுவும் கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் மேலே படங்களாகத்தான் வந்தன. 2024 பதிப்பில்தான் படத்தின் கீழ் பெயர் போட்டார்கள். மூன்று வருடம் கழித்து!

பாரிமுனை டைப்பிஸ்ட் · செவ்வாய், இரவு 7.25

இடையில் ஒரு வார்த்தை. ஷிப்ட்டை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்தால் ரெஜிஸ்ட்ரி எதுவும் தொடாமலே நேராகப் பழைய மெனு வருகிறது. இடது கையில் சுண்டுவிரல் சும்மாதானே இருக்கிறது? எனக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது.

காசிமேடு உப்புக்காத்து · செவ்வாய், இரவு 7.27

அக்கா டைப்பிஸ்ட், அவருக்கு இடது கை கீபோர்டில் இருக்கும். ஜெராக்ஸ் அண்ணன் இடது கையில் சில்லறை இருக்கும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · செவ்வாய், இரவு 9.50

காசிமேடு தம்பி சொன்னது உண்மை. கவுன்டர் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய மெனுவைக் கொண்டுவந்தேன். அந்த நீண்ட கோவையைக் கையால் அடித்தேன், வேலை செய்யவில்லை. மறுபடி பார்த்தால் ஓரிடத்தில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ எழுத்து. இதையெல்லாம் ஒட்டத்தான் வேண்டும், அடிக்கக் கூடாது. உள் கம்ப்யூட்டரில் புதிய மெனுவையே விட்டிருக்கிறேன், அப்பா அதில் ரைட் கிளிக்கே செய்வதில்லை.

பர்மா பஜார் பழசு · செவ்வாய், இரவு 11.15

50 கேபி கதைக்கு வருவோம்.

நிறைய பேர் சொல்வது, ரெஜிஸ்ட்ரியில் படங்களுக்கு ஒரு வரி சேர்ப்பது. அதைச் செய்தால் ‘சிஸ்டம் ஃபைல் அசோசியேஷன்ஸ்’ என்பதன் கீழ் ‘இமேஜ்’ என்ற இடத்தில் செய்யுங்கள். ஜேபெக்கைத் திறக்கும் ஆப்பின் கீழ் எழுதினால், நாளை வேறு ஆப்பை இயல்புநிலை ஆக்கியதும் உங்கள் வரி மறைந்துபோகும். எல்லா ஃபைலுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியின் கீழ் எழுதினால் எக்செல் மேல் கிளிக் செய்தாலும் ‘போட்டோவைச் சுருக்கு’ என்று நிற்கும்.

ஆனால் ரெஜிஸ்ட்ரி வரிக்கு ஒரு குணம் உண்டு: பத்து போட்டோவைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கட்டளை பத்து தடவை தனித்தனியாக ஓடும். பத்து கறுப்பு ஜன்னல் பட்பட்டென்று திறந்து மூடும். வாடிக்கையாளர் பயந்துவிடுவார். ‘சென்ட் டு’ அப்படி இல்லை. தேர்ந்தெடுத்த எல்லா ஃபைலையும் ஒரே வரியாகக் கோத்து ஒரே தடவை கொடுக்கும். ரெஜிஸ்ட்ரியையும் தொட வேண்டாம். விண்டோஸ் விசையும் ஆரும் அழுத்தி, ரன் பெட்டியில் ‘ஷெல்:சென்ட்டு’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் எந்த ஷார்ட்கட்டைப் போட்டாலும் அது மெனுவில் வரும். ஷார்ட்கட்டுக்குப் பெயர் தமிழில் வைக்கலாம், மெனுவில் தமிழிலேயே தெரியும்.

போட்டோ வேலைக்கு ‘இமேஜ்மேஜிக்’. இலவசம். அதில் ஜேபெக்குக்கு ‘எக்ஸ்டென்ட்’ என்று ஓர் அமைப்பு உண்டு, 50 கேபி என்று கொடுத்தால் அதற்குள் அடங்கும் வரை தரத்தைத் தானே குறைத்துப் பார்க்கும். ஆனால் போனில் எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே 50 கேபிக்குள் திணித்தால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். முதலில் அளவைக் குறையுங்கள். 3.5-க்கு 4.5 செமீ போட்டோ 300 டிபிஐயில் ஏறத்தாழ 413-க்கு 531 பிக்சல்தான். அந்த அளவுக்கு வந்தால் 50 கேபியில் படம் நன்றாகவே நிற்கும். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற இலவசக் கருவித் தொகுப்பில் வரும் ‘இமேஜ் ரீசைசர்’ பிக்சலை மட்டும் குறைக்கும், கேபி வரம்பு கேட்காது.

நான்கே வரியில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் டெக்ஸ்ட் ஃபைல்) எழுதி, அதன் ஷார்ட்கட்டை அந்த ஃபோல்டரில் போடுங்கள்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · புதன், இரவு 10.05

செய்தேன். வேலை செய்தது. அப்புறம் ஒரு விபரீதமும் நடந்தது, மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இமேஜ்மேஜிக்கில் ‘மாக்ரிஃபை’ என்ற கட்டளை பல படங்களை ஒரே நேரத்தில் மாற்றும் என்று எங்கோ படித்து, பேட்ச் ஃபைலில் அதைப் போட்டேன். காலையில் நான்கு விண்ணப்பத்துக்குச் சோதித்தேன், பிரமாதம். சாயங்காலம் தம்பி வந்தான். ஒருவர் தன் பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்களை பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார், அதில் ஒரே ஒரு படத்தை விண்ணப்பத்துக்குச் சுருக்க வேண்டும். தம்பி கன்ட்ரோல் ஏ அழுத்தியிருக்கிறான். எல்லாம் 413 பிக்சல் ஆகிவிட்டது. ‘மாக்ரிஃபை’ புதிய படம் உருவாக்காது, மூலப் படத்தின் மேலேயே எழுதும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெரியவர் போனில் மூலப் படங்கள் இருந்தன, பிழைத்தோம். இல்லாவிட்டால் என் கதி என்ன என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. தம்பியைத் திட்டவில்லை, கட்டளை எழுதியவன் நான்தானே.

பர்மா பஜார் பழசு · புதன், இரவு 10.30

ஐயோ. சொல்லாமல் விட்டது என் தப்பு. ‘மாக்ரிஃபை’யைத் தூக்கிவிட்டு வெறும் ‘மேஜிக்’ கட்டளையில், வெளிவரும் பெயரோடு ‘சின்னது’ என்று ஒட்டி வேறு ஃபைலாகச் சேமியுங்கள். பென்டிரைவில் எழுதாமல் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் விழும்படி செய்தால் இன்னும் நல்லது.

‘ஆட்டோ ஓரியன்ட்’ என்பதையும் சேருங்கள். போன் படங்களில் எந்தப் பக்கம் மேல் என்பது படத்தோடு வரும் குறிப்பில்தான் இருக்கும். இதைச் சேர்க்காமல் குறிப்புகளை மட்டும் நீக்கினால் ஆள் படுத்துக்கிடப்பார்.

ஃபைல் பெயரில் ஆம்பர்சாண்ட் குறி இருந்து, இடைவெளி எதுவும் இல்லாவிட்டால் பேட்ச் ஃபைல் குழம்பும். நூறு படத்தைத் தேர்ந்தெடுத்தாலும் திணறும், ஏனென்றால் ஒரு கட்டளை வரியில் 8191 எழுத்துக்கு மேல் ஏறாது. அவ்வளவு படம் என்றால் ஃபோல்டரையே அனுப்பி, உள்ளே சுற்றிவரச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி பெங்குவின் · புதன், இரவு 10.55

இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

லினக்ஸில் இது அரைமணி வேலை. எனக்கு முதல் அறிமுகம் 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான். விண்டோஸ் 7-ம், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எங்கள் வகுப்பில் எல்லோரும் பாஸை அழித்துவிட்டுப் படம் ஏற்றினார்கள். நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான் என் பெருமை.

இப்போது மின்ட் என்ற லினக்ஸ். அதன் ஃபைல் மேனேஜர் நீமோ. வீட்டு ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘லோக்கல்’ ஃபோல்டரில் ஷேர், நீமோ, ஆக்‌ஷன்ஸ் என்று போய், அங்கே பத்து வரியில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்தால் மெனுவில் ஒரு வரி முளைக்கும். எந்த வகை ஃபைலுக்குக் காட்ட வேண்டும், ஒன்று தேர்ந்தெடுத்தாலா பலவற்றைத் தேர்ந்தெடுத்தாலா என்பதெல்லாம் அதிலேயே சொல்லலாம். பெயருக்குப் பக்கத்தில் தமிழ் மொழிக் குறியீடு போட்டுத் தமிழ்ப் பெயர் தனியாகக் கொடுக்கலாம். பிடிக்கவில்லையா, அந்த ஃபைலை அழித்தால் வரி போய்விடும். மற்ற லினக்ஸ் டெஸ்க்டாப்களின் ஃபைல் மேனேஜர்களான கேடிஇயின் டால்ஃபினிலும் எக்ஸ்எஃப்சிஇயின் தூனாரிலும் இதே மாதிரி வசதி உண்டு, தூனாரில் டெக்ஸ்ட் ஃபைலே வேண்டாம், ஒரு ஜன்னலில் நிரப்பினால் போதும்.

எண்ணூர் நைட் ஷிப்ட் · புதன், இரவு 11.10

அவர் கடையில் மூன்று பிரிண்டர், பயோமெட்ரிக் கருவி, அதற்கான டிரைவர் எல்லாம் விண்டோஸுக்கு. நீங்கள் போய் மாற்றித் தருவீர்களா?

வியாசர்பாடி பெங்குவின் · புதன், இரவு 11.12

உள் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றித் தருகிறேன். டீ வாங்கித் தந்தால் போதும்.

பாரிமுனை டைப்பிஸ்ட் · வியாழன், காலை 8.30

ஹைகோர்ட் எதிரே உட்கார்ந்து இருபது வருடமாக அஃபிடவிட் அடிக்கிறேன். ரைட் கிளிக்கில் நான் அதிகம் பயன்படுத்துவது நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று: ‘நியூ’.

வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘நியூ’ போனால் புதிய வேர்டு ஃபைல் வருமல்லவா? அது வெறும் தாளாக வர வேண்டியதில்லை. ரெஜிஸ்ட்ரியில் அந்த ஃபைல் பெயரின் நீட்சியின் (.docx மாதிரி) கீழ் ‘ஷெல் நியூ’ என்ற இடத்தில் ‘ஃபைல் நேம்’ என்று ஒரு மதிப்பு சேர்த்து, நம் மாதிரி ஃபைலின் முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு புதிய ஃபைலும் அந்த மாதிரியின் நகலாகப் பிறக்கும். என் மாதிரியில் லீகல் தாள், ஓரம், வரி இடைவெளி, மேலே நீதிமன்றப் பெயர், கீழே உறுதிமொழி எல்லாம் தயார். முன்பு பழைய வழக்கின் ஃபைலைத் திறந்து பெயர்களை மாற்றுவேன். ஒரு முறை பழைய மனுதாரரின் அப்பா பெயர் மாறாமல் போய், வக்கீல் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஒரு நீட்சிக்கு ஒரு மாதிரிதான் என்பது குறை. லினக்ஸில் எப்படி?

வியாசர்பாடி பெங்குவின் · வியாழன், காலை 9.05

டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும் அக்கா. அதில் எத்தனை மாதிரி போட்டாலும் அத்தனையும் மெனுவில் வரும். உள்ளே ஃபோல்டர் பிரித்தால் மெனுவிலும் பிரிந்து வரும். ரெஜிஸ்ட்ரியே இல்லை.

பாரிமுனை டைப்பிஸ்ட் · வியாழன், காலை 9.08

அப்படியா. டீ நான் வாங்கித் தருகிறேன்.

காசிமேடு உப்புக்காத்து · வியாழன், காலை 11.40

தமிழில் பெயர் வைப்பது பற்றி ஒன்று. ரெஜிஸ்ட்ரி வரிக்குத் தமிழ்ப் பெயர் வைத்து நோட்பேடில் ரெஜ் ஃபைலாக (இரட்டைக் கிளிக் செய்தால் ரெஜிஸ்ட்ரியில் ஏறும் ஃபைல்) சேமித்தேன், மெனுவில் ஏதோ வேற்றுக்கிரக எழுத்து வந்தது. காரணம், நோட்பேட் யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்கிறது, ரெஜ் ஃபைலுக்கு யூடிஎஃப்-16 எல்இ வேண்டும். சேமிக்கும்போது கீழே ‘என்கோடிங்’கில் மாற்றினால் சரியாகிவிடும். பேட்ச் ஃபைலுக்குள் தமிழில் ஃபோல்டர் பெயர் எழுதினாலும் இதே மாதிரி தகராறு, அங்கே முதல் வரியிலேயே எழுத்து முறையைக் குறிக்கும் கோட்பேஜை 65001 ஆக்க வேண்டும்.

அப்புறம் தமிழ்ப் பெயருக்கு முன்னால் ஓர் எண் போடுங்கள். ‘5 - ஐம்பது கேபி’ என்று வைத்தால் மெனு திறந்திருக்கும்போது கீபோர்டில் 5 தட்டினாலே அந்த வரிக்குப் போகும். தமிழ் எழுத்து மட்டும் இருந்தால் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றித் தட்ட வேண்டியிருக்கும்.

எண்ணூர் நைட் ஷிப்ட் · வியாழன், மதியம் 1.20

இதுவரை பேசியதில் யாரும் சொல்லாதது: ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் அந்தக் கிளையை ‘எக்ஸ்போர்ட்’ செய்து வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் ரெஜ் ஃபைல்களை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள், முதலில் நோட்பேடில் திறந்து படியுங்கள். ‘டேக் ஓனர்ஷிப்’ என்று, ஃபைலின் உரிமையை நம் பெயருக்கு மாற்றும் ஒரு வரியை மெனுவில் சேர்க்கும் ஃபைல் ஊரெங்கும் சுற்றுகிறது. அதை விண்டோஸ் ஃபோல்டர் மேல் அழுத்தியவர்கள் கம்ப்யூட்டரை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி கையில் படக் கூடாத வரி ஏதாவது இருந்தால் அதன் கீழ் ‘எக்ஸ்டெண்டட்’ என்று வெறும் ஸ்ட்ரிங் மதிப்பு ஒன்று சேருங்கள். ஷிப்ட்டோடு ரைட் கிளிக் செய்தால் மட்டுமே அந்த வரி தெரியும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · ஞாயிறு, மாலை 5.30

நான்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மெனுவில் இப்போது எனக்குத் தேவையானது மட்டும்தான் இருக்கிறது. ‘5 - ஐம்பது கேபி’ தனி ஃபோல்டரில் சேமிக்கிறது, ஆட்களும் நிமிர்ந்து நிற்கிறார்கள். டைப்பிஸ்ட் அக்கா சொன்னபடி ‘நியூ’வில் அப்பாவுக்கு ஒரு மனு மாதிரி வைத்துக் கொடுத்தேன். ‘அனுப்புநர், பெறுநர்’ தானாக வந்ததைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அவராகவே ரைட் கிளிக் செய்தார்.

பிரின்ட் வரம்பை 100 ஆக்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தம்பி, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நின்றுகொண்டு கன்ட்ரோல் ஏ போட்டு ‘பிரின்ட்’ அழுத்திவிட்டான். ஃபோல்டரில் 70 பிடிஎஃப். நான் டீக்கடையில் இருந்தேன். ஓடிவந்து பிரிண்டர் பிளக்கைப் பிடுங்குவதற்குள் இருநூறு தாளுக்கு மேல் வந்துவிட்டது. அந்த 15 எதற்காக வைத்தார்கள் என்று அப்போது புரிந்தது. இப்போது 30-ஆகக் குறைத்திருக்கிறேன். டவுன்லோட்ஸை தினமும் ராத்திரி காலி செய்வதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இருநூறு தாளும் வீணில்லை, பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, கணக்கு எழுத வைத்துக்கொண்டேன்.

பாரிமுனை டைப்பிஸ்ட் · ஞாயிறு, மாலை 5.48

அது வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஃபைல் அல்லவா? ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் இருக்கும். பின்பக்கத்தில் கணக்கு எழுதி யாரிடமாவது கொடுத்துவிடாதீர்கள் தம்பி. கிழித்துப் போடுங்கள்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் · ஞாயிறு, மாலை 6.10

அப்பா உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருக்கிறார் அக்கா.